தாடி, மீசை, ஃபேஷியல்: கேட்ட கேள்விகளுக்கு ஒரு சலூன்காரரின் பதில்கள்

மதுரையில் 31 வருடமாக சலூன் வைத்திருக்கிறேன். இன்று செவ்வாய்க்கிழமை, கடை லீவு. வந்திருக்கிற கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன். என் தொழிலுக்குள் வருவதைச் சொல்வேன். தோல் வியாதி என்றால் தோல் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

கல்லூரி மாணவர், தேனி: அண்ணே, 19 வயசாகுது. தாடி திட்டுத் திட்டா வருது. பசங்க கிண்டல் பண்றாங்க. மினாக்ஸிடில் போடலாமா?

தம்பி, 19 வயது தாடி முழுதாக வந்து முடிகிற வயதே இல்லை. இருபதுகளின் நடுவில் கன்னம் நிறைந்தவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அப்பா, சித்தப்பா, தாய்மாமன் கன்னங்களைப் பாருங்கள், ஓரளவு தெரிந்துவிடும்.

மினாக்ஸிடில் முதலில் ரத்தக்கொதிப்புக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவுகிற மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-ல் அனுமதி கிடைத்தது. அது தலைக்குக் கிடைத்த அனுமதி, தாடிக்கு இல்லை. சிலருக்கு எரிச்சல் வரும், படபடப்பும் வரும். வீட்டில் பூனை இருந்தால் அதற்கு இது விஷம். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். அடிக்கடி சிரைத்தால் அடர்த்தியாக வரும் என்பதும் பொய். வெட்டுப்பட்ட நுனி மழுங்கி இருப்பதால் கெட்டியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஐடி ஊழியர், சென்னை: கல்யாணத்துக்கு 3 வாரம் இருக்கு. முகம் கொஞ்சம் கலராக என்ன கிரீம் போடலாம்?

எதுவும் போடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஆண்கள் யாரும் வாய்விட்டு இதைக் கேட்க மாட்டார்கள். கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகக் கேட்பார்கள். 2005-ல் ஆண்களுக்கென்றே சிவப்பழகு கிரீம் விளம்பரத்தோடு வந்தது. கூச்சம் போனது. முகத்தைப் பேண ஆண்கள் கூச்சப்படாதது நல்லதுதான். ஆனால் கூடவே, கறுப்பாக இருப்பது ஒரு குறை என்ற எண்ணமும் பையன்கள் மனதில் ஏறிவிட்டது. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு மாப்பிள்ளைப் பையன் சேவிங்குக்கு வந்தான். முகத்தில் ஈரத் துண்டை வைத்ததும் துள்ளினான். வெளிச்சத்தில் பார்த்தால் கன்னம் முழுக்க நூல் நூலாகச் சிவப்பு நரம்பு, தாடையில் பொடிப்பொடியாகப் பரு. நாலு மாதமாக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஒரு ட்யூபைப் போட்டிருக்கிறான். முதல் பத்து நாள் பளிச்சென்று இருந்ததாம். நிறுத்தினால் எரிகிறது என்று மறுபடி போட்டிருக்கிறான். அதில் இருந்தது ஸ்டீராய்டு. கத்தியை எடுக்காமல் அப்படியே தோல் டாக்டரிடம் அனுப்பினேன்.

இந்த வகை ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு உத்தரவு போட்டுவிட்டது. ஆகவே ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், இதில் எந்தப் பெயர் இருந்தாலும் முகத்துக்கு நீங்களாக வாங்காதீர்கள்.

கல்யாணத்துக்கு நல்ல தூக்கமும் வெயிலில் சன்ஸ்கிரீனும் போதும். ஃபேஷியல் இதுவரை செய்ததில்லை என்றால் முதல் தடவையை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடை ஊழியர், ஈரோடு: ஆம்பளைங்க புருவம் த்ரெட்டிங் பண்ணலாமா?

தாராளமாக. நூல் புதிதாக இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற அலுவலர், திருச்சி: புருவம் எடுப்பது, காதில் கம்மல், முகத்தில் பூச்சு. நம் தாத்தாக்கள் இப்படியா இருந்தார்கள்? உங்களைப் போன்றவர்கள்தான் ஆம்பளைப் பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள்.

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை வைத்தே சொல்கிறேன். உங்கள் தாத்தாவின் அப்பா காலத்துப் போட்டோ ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்து ஆண்களின் காதில் கடுக்கனையும் தலையில் குடுமியையும் சாதாரணமாகப் பார்க்கலாம். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டவனை வீட்டுக்குள் விடாமல் சண்டை போட்டதை என் தாத்தா கதை கதையாகச் சொல்வார். அன்றைக்குக் கெட்டுப்போனவனின் அடையாளமாக இருந்த கிராப்புதான் இன்று உங்கள் தலையிலும் என் தலையிலும் இருக்கிறது.

இன்னும் பின்னால், சங்க காலத்துக்குப் போனால், ஆநிரை (எதிரியின் மாட்டு மந்தை) கவரப் போனவன் வெட்சிப் பூ சூடினான், படையெடுத்தவன் வஞ்சிப் பூ சூடினான். காலில் கழல், மார்பில் சந்தனம். அவர்களை யாரும் வீரமில்லாதவர்கள் என்று சொன்னதில்லை.

டிரைவர், சேலம்: டை அடிச்சா நெத்தி அரிக்குது.

உடனே நிறுத்துங்கள். கறுப்பு டைகளில் பிபிடி என்ற ரசாயனம் உண்டு, அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. 'இயற்கை', 'மூலிகை' என்று போட்டிருக்கும் பாக்கெட்டிலும் அது இருக்கலாம். பின்பக்கத்தைப் படியுங்கள். அரிப்பு நிற்காவிட்டால் டாக்டர்.

மாணவர், கோவை: கலர் வர நல்ல கிரீம் சொல்லுங்க.

மேலே சென்னைக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

திருச்சி அலுவலர் மறுபடி: பூவும் சந்தனமும் வேறு. ஆம்பளைக்கு மீசைதான் அழகு. அது என்றைக்கும் மாறியதில்லை.

மாறியிருக்கிறது ஐயா. பாரதி பிறந்த சமூகத்தில் மீசை வைப்பது வழக்கமில்லை. அவர் முறுக்கி வைத்துக்கொண்டார், அதற்குப் பேச்சும் கேட்டார். 2017-ல் குஜராத்தில் லிம்போதரா என்ற ஊரில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். எல்லா ஆம்பளைக்கும் மீசை அழகு என்றால் அவர்களை ஏன் அடித்தார்கள்?

என் தாத்தா அடைப்பத்தை (கத்தி, கத்திரி வைக்கும் பை) இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவர். அறுவடைக்கு அறுவடை நெல்தான் கூலி. ஊர்ப் பெரியவர்களின் மீசைக்கெல்லாம் எண்ணெய் தொட்டு முறுக்கு ஏற்றிவிடுவார். அவருடைய மீசை கீழ் நோக்கித் தொங்கியபடியே இருக்கும். அவர்கள் முன்னால் அவர் அதை முறுக்க முடியாது. குறிப்பிட்ட தெருக்காரர்களுக்கு முடி வெட்டவும் கூடாது என்று கட்டுப்பாடு. வெட்டினால் மற்றவர்கள் கூப்பிட மாட்டார்கள். இதனால்தான் என் அப்பா டவுனுக்கு வந்து கடை போட்டார். யார் வந்தாலும் அதே நாற்காலி, அதே துண்டு. மீசையைப் பற்றி யார் பெருமையாகப் பேசினாலும் எனக்குத் தாத்தாவின் மீசைதான் ஞாபகம் வரும்.

சலூன் தொழிலாளி, ராமநாதபுரம் பக்கம்: அண்ணே, எங்க ஊர்ல இன்னும் அந்தக் கட்டுப்பாடு மாதிரிதான் இருக்கு. வெட்டினா மத்தவங்க கடைக்கு வரமாட்டோம்ங்கிறாங்க. நான் என்ன செய்ய?

தம்பி, சாதியைச் சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்புவது 1955-ம் வருடச் சட்டப்படியே குற்றம். ஊர் சொல்லித்தான் செய்தேன் என்று சொன்னால் தப்பிக்க முடியாது, வழக்கு உங்கள் மேலும்தான் வரும். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, எங்கள் குடும்பமே அந்தப் பயத்தில் ஊரை விட்டது. தனியாக நின்று மோதாதீர்கள். உங்கள் பகுதித் தொழிலாளர் சங்கத்தைக் கூட்டிக்கொண்டு போய்த் தாசில்தாரிடம் எழுத்தில் கொடுங்கள். மனுவின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாளைக்கு அந்தத் தெருப் பையன் ஒருவன் வந்து நின்றால் உட்கார வையுங்கள்.

ஆசிரியை, திண்டுக்கல்: மாணவர்களுக்குப் புள்ளிங்கோ கட்டிங் வெட்டாதீர்கள் என்று எல்லா சலூன்காரர்களிடமும் சொல்லுங்களேன்.

பள்ளிக்கூடம் திறந்திருக்கும் மாதங்களில் அப்பாவோ அம்மாவோ கூட வந்தால்தான் நான் வெட்டுவேன். ஆனால் டீச்சர், வகுப்பில் எல்லோர் முன்னாலும் மாணவன் தலையில் கத்திரி வைப்பதை ஏற்க மாட்டேன். அப்படி வெட்டுப்பட்ட தலையோடு வந்த பையனுக்குச் சரிசெய்து விட்டிருக்கிறேன். கண்ணாடியைப் பார்க்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான்.

வியாபாரி, நாகர்கோவில்: முகம் வெளுக்க எந்த கிரீம்...

வெளுக்க வேண்டாம். ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். கிரீம் கேள்விக்கு இனி பதில் இல்லை.

பெயர் போடாதவர், விருதுநகர்: நேத்து முடி வெட்டினப்ப கழுத்தைத் திருப்பி சொடக்கு எடுத்தாங்க. அதுலருந்து ஒரு பக்கம் கழுத்து வலி, தலை சுத்துது, கை மரத்துப் போகுது. எண்ணெய் தேய்க்கலாமா?

தம்பி, வரிசையில் கடைசியாக இருந்ததால் இப்போதுதான் பார்த்தேன். எண்ணெய் வேண்டாம், யாரையும் தொடவும் விடாதீர்கள். கழுத்தைப் பட்டென்று திருப்பும்போது மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் கிழியலாம். இப்போதே 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொடக்கு எடுத்ததை முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். தனியாகப் போக வேண்டாம், வண்டி ஓட்டவும் வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள்.