வலிப்பு நோயும் கலைந்த தூக்கமும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 38. வலிப்பு நோய்க்காக 12 ஆண்டுகளாக வால்ப்ரோயேட் மாத்திரை எடுத்து வருகிறேன். பகலில் வலிப்பு வந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால், எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் காலையில் உடம்பு அடித்துப்போட்டது போல் இருக்கிறது. வேலையிடத்தில் தூங்கி வழிகிறேன். வலிப்பு மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா? அல்லது தூக்க மாத்திரை ஒன்று போட்டுக்கொள்ளலாமா?

பதில்: இரண்டையும் நீங்களாகச் செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தில் ‘பகலில்’ என்ற சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன், ஏனெனில் இரவில் வலிப்பு வரவில்லை என்று அது சொல்லவில்லை. கனவு காணாத தூக்கத்தில் மூளையின் நரம்பு செல்கள் பெருங்கூட்டமாக ஒரே தாளத்தில் இயங்குவதால், வலிப்புக்குரிய மின் அதிர்வுகள் அப்போது எளிதில் கிளம்பிப் பரவுகின்றன. கனவுத் தூக்கத்தில் அவை பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. சிலருக்குத் தூக்கத்தில் மட்டுமே வலிப்பு வரும். வந்துபோனது அவர்களுக்கே தெரியாது. நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கிறதா, தலையணையில் இரத்தக் கறை இருக்கிறதா, படுக்கை நனைந்திருக்கிறதா, காரணமின்றித் தலையும் தசைகளும் வலிக்கின்றனவா என்று தினமும் காலையில் குறித்து வையுங்கள். உடன் இருப்பவர் கைபேசியில் எடுக்கும் அரை நிமிட வீடியோ, பக்கம் பக்கமான விவரிப்பைவிட மருத்துவருக்கு உதவும். நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். இரவில் யாரும் அறியாமல் வரும் பெரிய வலிப்பு, அரிதாகவே என்றாலும், தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடக்கூடும் என்பதை உங்களைப் பயமுறுத்துவதற்காக அல்லாமல், தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அடுத்து, குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். வால்ப்ரோயேட் பலருக்கு உடல் எடையைக் கூட்டும். எடை கூடினால், தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் கோளாறும் கூடவே வரலாம். வலிப்பு நோயாளிகளிடையே இது மற்றவர்களைவிட அதிகம். இரவு முழுவதும் மூச்சையும் மூளை அலைகளையும் பதிவு செய்யும் தூக்கப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சிபேப் கருவியைப் பயன்படுத்திய பின் தூக்கத்தோடு வலிப்பும் கட்டுக்குள் வந்தவர்கள் உண்டு.

வலிப்பு மாத்திரையே தூக்கக் கலக்கம் தருவதாக இருக்கலாம். அப்படியென்றால் வேளையை மாற்றியோ, மருந்தையே படிப்படியாக மாற்றியோ மருத்துவர் சரிசெய்வார். திடீரென நிறுத்தினால், நிற்காமல் தொடரும் வலிப்பு வரக்கூடும். தூக்க மாத்திரைகளில் பென்சோடையசெபீன் வகை தொண்டைத் தசைகளைத் தளர்த்தி மூச்சடைப்பை மோசமாக்கலாம். பழகிய பின் சட்டென்று விட்டாலும் வலிப்பைத் தூண்டும். சீட்டில்லாமல் கிடைக்கிற, தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகளும் பாதுகாப்பானவை அல்ல. காரணம் தெரியும்வரை வாகனம் ஓட்டாதீர்கள்.

கேள்வி: எனக்கு வயது 29. இன்றிரவு வலிப்பு வந்துவிடுமோ என்ற பயத்திலேயே விடியவிடிய விழித்திருக்கிறேன். தூங்காவிட்டால் வலிப்பு வரும் என்கிறார்கள். அது பயத்தை இன்னும் கூட்டுகிறது.

பதில்: உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும் என்பது உண்மைதான். ஆனால், ஒரு நாள் தூக்கம் கெட்டாலே வலிப்பு வந்துவிடும் என்பதில்லை. தூக்கம் வராமல் படுக்கையில் புரள்வதைவிட, எழுந்து மங்கிய வெளிச்சத்தில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது மறுபடி படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். தூக்கமின்மைக்கான மனநலப் பயிற்சி மாத்திரையின்றியே நல்ல பலன் தரும். ஆனால், படுக்கை நேரத்தை வெட்டிக் குறைக்கும் பகுதி அதில் உண்டு என்பதால், உங்களுக்கு வலிப்பு நோய் இருப்பதைப் பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பயமும் மனச்சோர்வும் வலிப்பு நோயோடு சேர்ந்து வருவது மிகச் சாதாரணம், அவற்றுக்கும் சிகிச்சை உண்டு. அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது வலிப்புக் கணக்கோடு இதையும் சொல்லுங்கள்.