சோதனைத் தரவுக்கு எந்த வரைபட மென்பொருள்? பம்ப் டெஸ்ட் பெட்டிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: ஆய்வகத்தில் எடுக்கும் அளவீடுகளை வரைபடமாக்க எக்செல் போதுமா, ஆரிஜின் மாதிரி ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா, இல்லை பைத்தான் நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு, அதில் வரைபடம் போட உதவும் மேட்பிளாட்லிப்பில் இறங்கிவிடலாமா?

நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் டெஸ்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். தினமும் வரைபடம் போடுகிற வேலை. எனவே எனக்குப் பழக்கமான பம்ப் தரவை வைத்தே சொல்கிறேன். உங்களுடையது வேறு சோதனையாக இருந்தாலும் பிரச்சினைகள் ஏறக்குறைய இவையேதான்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். புள்ளிகள் கொஞ்சம், வரைபடம் எப்போதாவது ஒன்று என்றால் எக்செல்லோ லிப்ரே ஆபீஸ் கால்க்கோ போதும். ஒரே மாதிரி வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்றால் பைத்தான். கோட் எழுதப் பிடிக்காது, ஆனால் கர்வ் ஃபிட்டிங் (புள்ளிகளுக்குப் பொருந்தும் கோட்டைக் கண்டுபிடிப்பது) ஒழுங்காக வேண்டும் என்றால் லேப்பிளாட். அது இலவசம்; விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஆரிஜின் உங்கள் கல்லூரியில் ஏற்கெனவே இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள், நல்ல மென்பொருள். சொந்தக் காசு போடுவதற்கு முன்னால் மட்டும் மற்ற இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்று சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும். ஒரு சப்மெர்சிபிள் பம்பை டெஸ்ட் பெட்டில், அதாவது சோதனை மேடையில் ஏற்றி, டெலிவரி வால்வை முழுக்க மூடிய நிலையிலிருந்து படிப்படியாகத் திறந்து, ஏழெட்டு நிலைகளில் ரீடிங் எடுப்போம். டிஸ்சார்ஜ் விநாடிக்கு எத்தனை லிட்டர், ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்) எத்தனை மீட்டர், மோட்டார் இழுக்கும் கிலோவாட், ஆம்ப்ஸ், மின்சாரத்தின் ஹெர்ட்ஸ். டிஸ்சார்ஜையும் ஹெட்டையும் பெருக்கி 102-ஆல் வகுத்தால் தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்த கிலோவாட் வரும். அதை மோட்டார் இழுத்த கிலோவாட்டால் வகுத்தால் எஃபிஷியன்சி. 2.5 லிட்டர், 60 மீட்டர், 3 கிலோவாட் என்றால் 49 சதவீதம். இதில் வரைபடம் போட என்ன கஷ்டம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முன்பு ஒரு முறை, ஒரு பம்புக்கு மூடிய நிலையில் 78 மீட்டர் ஹெட், அரை லிட்டரில் 78.5, ஒரு லிட்டரில் 76.5 என்று ரீடிங் வந்தது. வரைபடம் அழகாக இருக்கட்டும் என்று ஸ்மூத் லைன் வசதியைப் போட்டு அனுப்பிவிட்டேன். அந்தக் கோடு எல்லாப் புள்ளிகளையும் தொட்டே தீரும், நடுவில் தன் இஷ்டத்துக்கு வளையும். ஆரம்பத்தில் ஒரு மேடு ஏறி, அப்புறம் இறங்கியது. வாங்குகிறவரின் இன்ஜினியர் அதைப் பார்த்துவிட்டு, “இது ட்ரூப்பிங் கர்வ் பம்பா? இரண்டை ஒரே லைனில் ஓட்டப் போகிறோமே” என்று கேட்டார். நியாயமான கவலை. ஹெட் முதலில் ஏறி அப்புறம் இறங்கும் அப்படிப்பட்ட பம்பில் ஒரே ஹெட்டுக்கு இரண்டு டிஸ்சார்ஜ் வரும். இரண்டு பம்பு இணையாக ஓடும்போது தொல்லை கொடுக்கும்.

பம்பைத் திரும்ப ஏற்றி மூன்று முறை சோதித்தோம். மேடு எதுவும் இல்லை. எங்கள் பிரஷர் கேஜில் ஒரு சின்னக் கோடு என்பது சதுர சென்டிமீட்டருக்கு 0.1 கிலோ, அதாவது 1 மீட்டர் ஹெட். கண்ணால் பார்த்துச் சொல்வதில் அரை மீட்டர் இப்படியோ அப்படியோ போகும். அந்த அரை மீட்டரைத்தான் மென்பொருள் பம்பின் குணம் மாதிரி வரைந்து காட்டியிருந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் அரை மீட்டர் எரர் பார் (அளவீட்டுப் பிழையைக் காட்டும் சின்னக் கோடு) போட்டு, மேலே ஒரு இரண்டாம் படிக் கோட்டை ஓட்டியிருந்தால், சீராக இறங்கும் கோடு எல்லா எரர் பார்களுக்குள்ளும் அடங்கியிருக்கும். அந்தக் கேள்வியே வந்திருக்காது.

அன்றிலிருந்து எந்த மென்பொருளைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அளந்த புள்ளியையும் நாம் அதன்மேல் வரைந்த கோட்டையும் இது தனித்தனியாகக் காட்டுமா? எரர் பாருக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் வேறு வேறு மதிப்பு கொடுக்க முடியுமா? எக்செல்லில் முடியும், கஸ்டம் என்ற தேர்வுக்குள் போய், அளவுகளைத் தாளின் ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) எழுதிக் கொடுக்க வேண்டும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. மற்றவற்றில் இது வெளிப்படையாகவே இருக்கும்.

எக்செல்லில் இன்னும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, லைன் சார்ட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது கிடை அச்சின் எண்களைப் பெயர்ப் பலகை மாதிரி எடுத்துக்கொண்டு சம இடைவெளியில் அடுக்கிவிடும். 0, 0.5, 1, 2.5 என்று இருந்தாலும் நான்கும் சம தூரத்தில் நிற்கும், கோட்டின் வடிவமே பொய்யாகிவிடும். சோதனைத் தரவுக்கு எப்போதும் ஸ்கேட்டர்தான்.

இரண்டு, டிரெண்ட்லைன் (புள்ளிகளுக்குப் பொருத்தி எக்செல் வரையும் கோடு) காட்டும் சமன்பாடு. வரைபடத்தின்மேல் அது காட்டும் எண்களை அப்படியே எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். வீட்டு பம்புகளுக்கு நாங்கள் டிஸ்சார்ஜை மணிக்கு லிட்டர் கணக்கில் எழுதுவோம், ஆயிரக்கணக்கில் வரும். அப்போது இரண்டாம் படியின் கெழு 0.000000177 மாதிரி சின்ன எண்ணாக இருக்கும். வரைபடத்தில் அது வெறும் 2E-07, அதாவது 0.0000002 என்று தெரியும். மணிக்கு 9,000 லிட்டரில் உண்மையான கெழு கழிக்கும் ஹெட் 14.3 மீட்டர், சுருக்கிய எண் கழிப்பது 16.2 மீட்டர். ஏறக்குறைய 2 மீட்டர் காணாமல் போகிறது, பம்பில் ஒரு குறையும் இல்லாமல். லேபிளின் எண் வடிவத்தை மாற்றிப் பதினைந்து இலக்கம் காட்டச் சொல்லுங்கள், அல்லது லினெஸ்ட் சார்பைப் பயன்படுத்துங்கள். அது கெழுக்களின் பிழை அளவையும் சேர்த்துத் தரும்.

அதே டிரெண்ட்லைன் பட்டியலில் ஆறாம் படி வரை போகலாம். ஏழு புள்ளிகளுக்கு ஆறாம் படிக் கோடு போட்டால் எல்லாப் புள்ளிகளையும் அது கச்சிதமாகத் தொடும், கோடு புள்ளிகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் ஆர் ஸ்கொயர் 1 என்று வரும். புதிதாகச் சேருகிற பையன்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். ஏழு தெரியாத எண்களை ஏழு புள்ளிகளால் கண்டுபிடித்தால் கோடு அப்படித்தான் போகும். பம்பைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. எஃபிஷியன்சியின் உச்சம் எந்த டிஸ்சார்ஜில் என்று அந்தக் கோட்டில் தேடினால் தவறான இடத்தில் போய் நிற்பீர்கள். பம்புக்குள் உராய்வு இழப்பு டிஸ்சார்ஜின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது, அதனால் ஹெட்டுக்கு இரண்டாம் படி, மிஞ்சிப்போனால் மூன்றாம் படி. உங்கள் சோதனையிலும் எந்தக் கோடு என்பதை அதன் இயற்பியல்தான் முடிவு செய்ய வேண்டும். ஃபிட்டுக்குப் பின் மிஞ்சும் வித்தியாசங்களைத் தனியாக வரைந்து பாருங்கள். லேப்பிளாட்டிலும் ஆரிஜினிலும் அது எளிது.

அப்புறம் அச்சுகள். எங்கள் தொழிலில் ஹெட், எஃபிஷியன்சி, கிலோவாட் மூன்றையும் ஒரே தாளில் காட்டுவது வழக்கம். எக்செல்லில் செங்குத்து அச்சு இரண்டுதான். மூன்றாவதற்கு மக்கள் எண்களைப் பத்தால் பெருக்கிச் சமாளிப்பார்கள், யாராவது அதைத் தப்பாகப் படிப்பார்கள். லேப்பிளாட், ஆரிஜின், மேட்பிளாட்லிப் மூன்றிலும் மூன்றாவது அச்சு வைக்கலாம். எனக்குப் பிடித்தது, ஒரே டிஸ்சார்ஜ் அச்சுக்கு மேல் மூன்று சின்ன வரைபடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைப்பது. எந்தக் கோடு எந்த அச்சு என்று யாரும் தேட வேண்டியதில்லை. கேட்லாக்குக்கு மட்டும் பழைய வழக்கப்படி ஒரே கட்டத்தில் போட்டுக் கொடுக்கிறோம்.

தரவு பெரிதானால் கதை மாறும். எக்செல் தாளில் 10,48,576 வரிசைகள். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது கரன்ட் எப்படி எகிறுகிறது என்று விநாடிக்கு ஆயிரம் ரீடிங் எடுத்தால், பதினேழரை நிமிடத்தில் தாள் நிரம்பிவிடும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 வரிசைகள்தான். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16 ஆயிரம் கொரோனா நோயாளிகள் தினசரிக் கணக்கில் விடுபட்டுப் போனதற்கு அந்தப் பழைய வடிவத்தின் எல்லைதான் காரணம். எண்கள் விடுபட்டது உடனே தெரியவில்லை என்பதுதான் அதில் பயமான விஷயம்.

இன்னொரு தொல்லை, தேதி. ‘5-10’ என்று மாடல் எண் அடித்தால் அது அக்டோபர் 5-ஆகவோ மே 10-ஆகவோ மாறிவிடும். மரபணு ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே தொல்லைதான். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-இல் வெளியிட்ட விதிகளில், தேதியாக மாறும் பெயர்களையே மாற்றி வைத்தது. உதாரணமாக மார்ச்1 என்ற மரபணு இப்போது மார்ச்எஃப்1. நீங்கள் அந்தப் பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் என்று குறித்துவிடுங்கள், போதும்.

லைசென்ஸ் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எங்கள் டெஸ்ட் பெட்டோடு ஒரு மென்பொருள் வந்தது. டாங்கிள் என்ற சின்ன லைசென்ஸ் கருவியைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் திறக்கும். ரீடிங் எல்லாம் அதன் சொந்த வடிவத்தில் சேமிப்பாகும். ஒரு நாள் அந்தக் கம்ப்யூட்டர் பழுதாகி, புதியதில் அந்த மென்பொருள் ஏறவில்லை. செய்து கொடுத்தவர்களும் தொழிலை விட்டுவிட்டார்கள். மூன்று வருட டெஸ்ட் ரீடிங் போனது; மிஞ்சியது ஜேபெக் படங்கள் மட்டும். வெப்பிளாட்டிஜிட்டைசர் என்ற கருவியில் ஒவ்வொரு படத்தையும் ஏற்றி, அச்சுகளைக் குறித்து, புள்ளி புள்ளியாகத் தொட்டு எண்களை மீட்டோம். ஒரு மாதம் ஆயிற்று. கருவி அருமையானது, ஆனால் உங்களுக்கு அது தேவைப்படக் கூடாது. எந்த மென்பொருளை எடுத்தாலும் சோதனை முடிந்த நிமிடமே அசல் ரீடிங்கைச் சாதாரண சிஎஸ்வி கோப்பாக (எண்களைக் காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) ஒரு தனி இடத்தில் வைத்துவிடுங்கள். அதன்பின் அதைத் திருத்தவே திருத்தாதீர்கள்.

மேட்பிளாட்லிப் பிறந்த கதையிலும் ஒரு டாங்கிள் உண்டு. ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய குழுவிடம் இருந்த மென்பொருளுக்கு ஒரே லைசென்ஸ், ஒரே டாங்கிள்; அதற்குப் போட்டி. அதற்கு மாற்றாகத்தான் அவர் மேட்பிளாட்லிப்பை எழுதி 2003-இல் வெளியிட்டார். 2012-இல் அவர் இறந்துவிட்டார். அவர் தந்துவிட்டுப் போனதை உலகம் முழுக்க இன்றும் பயன்படுத்துகிறோம். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

பைத்தான் கற்பது கடினமா என்றால், வரைபடம் போடும் அளவுக்கு இல்லை. மாலை நேரங்களில் உட்கார்ந்து மூன்று வாரத்தில் என்னால் ஒரு நிரல் எழுத முடிந்தது. எனக்கு அதன் பெரிய பலன் ஹெர்ட்ஸ் திருத்தத்தில் கிடைத்தது. மின்சாரம் 49.2 ஹெர்ட்ஸில் வந்தால் எல்லா ரீடிங்கையும் 50-க்கு மாற்ற வேண்டும். டிஸ்சார்ஜ் நேர் விகிதத்தில், ஹெட் வர்க்கத்தில், கிலோவாட் கனத்தில் மாறும், ஹெட் 3.3 சதவீதமும் கிலோவாட் 5 சதவீதமும் ஏறும். விரிதாளில் இதைச் செய்தபோது, ஒருவர் திருத்திய எண்களை அசல் பத்தியிலேயே ஒட்டிவிட்டார். அடுத்தவர் அதை மறுபடி திருத்தினார். எது அசல் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. நிரலில் அசல் கோப்பு தொடப்படுவதில்லை. திருத்தம் எந்த வரியில் நடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். இப்போது சிஎஸ்வி கோப்பை ஒரு ஃபோல்டரில் போட்டால் பிடிஎஃப் வரைபடம் வந்து நிற்கிறது. முப்பது பம்பு என்றாலும் ஒரே அச்சு அளவு, ஒரே எழுத்து.

மற்றவை சுருக்கமாக. க்னூபிளாட் 1986-லிருந்து இருக்கிறது. பெரிய கோப்பை வேகமாக ஒரு பார்வை பார்க்க நல்லது. வியூஸ் என்று ஒன்று உண்டு, மவுஸால் வரையலாம். அதன் கோப்பே வெறும் எழுத்துக் கோப்பு என்பது எனக்குப் பிடிக்கும். யாராவது ஆரிஜின் கோப்பை அனுப்பினால், அதைத் திறந்து பார்க்க ஆரிஜின் வியூவர் இலவசமாகக் கிடைக்கிறது.

எதில் வரைந்தாலும் வெளியே எடுக்கும்போது பிடிஎஃப் அல்லது எஸ்விஜி. ஜேபெக்கில் மெல்லிய கோடுகள் கலங்கிவிடும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், புள்ளிக்கு வட்டம், சதுரம், முக்கோணம் என்று வடிவத்தையும் மாற்றுங்கள். எங்கள் வரைபடங்களில் பாதி கறுப்பு வெள்ளை ஜெராக்ஸாகத்தான் கடைசியில் போய்ச் சேருகின்றன.

இன்றைக்கு இரவே ஒன்று செய்யலாம். உங்கள் சோதனை ஒன்றின் சிஎஸ்வியை எடுத்து எக்செல்லிலும் லேப்பிளாட்டிலும் எரர் பாரோடு வரையுங்கள். நாளைக்கு ஒரு ரீடிங்கை மாற்றிவிட்டு, இரண்டிலும் திரும்ப வரைபடம் எடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். இந்தத் திரும்ப வரையும் வேலை வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வருமென்றால் பைத்தானைத் தொடங்கிவிடுங்கள்.