கண்ணைச் சுற்றிக் கொஞ்சம் மெதுவாக: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 29. தினமும் எட்டு மணி நேரம் தூங்குகிறேன். ஆனாலும் பார்க்கிறவர்கள் எல்லாம் "ராத்திரி தூங்கலையா?" என்றுதான் கேட்கிறார்கள். கருவளையத்துக்கு மூன்று க்ரீம் மாற்றிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் கேட்கவில்லை.

பதில்: தூக்கம் போதவில்லை என்றால் கருவளையம் எடுப்பாகத் தெரியும், உண்மைதான். ஆனால் எல்லாருக்கும் காரணம் அதுவே இல்லை. க்ரீமை மாற்றுவதற்கு முன்னால் உங்களுக்கு இருப்பது எந்த வகை என்று பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கமாக ஒரு கைக்கண்ணாடியோடு உட்கார்ந்து, கீழ் இமைத் தோலை விரல் நுனியால் லேசாகப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். பழுப்பு நிறம் அப்படியே தோலோடு சேர்ந்து நகர்ந்தால் அது நிறமி. நீலமோ ஊதாவோ இன்னும் தெளிவாகத் தெரிந்தால், தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள்தான் தெரிகின்றன, ஏனென்றால் இமைத் தோலின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே மிக மெல்லிய தோல் அது. முகத்தை அண்ணாந்து வெளிச்சத்துக்குக் காட்டியதும் கருமை காணாமல் போகிறதா? அப்படியென்றால் அது வெறும் நிழல், கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் விழுகிற நிழல். பலருக்கு இரண்டு மூன்று வகை கலந்தும் இருக்கும்.

நிறமி என்றால் க்ரீமுக்குக் கொஞ்சம் வேலை உண்டு. நயாசினமைடு (வைட்டமின் பி3 வகை), வைட்டமின் சி மாதிரி ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு மூன்று மாதமாவது விடாமல் பூசுங்கள், மூன்றே வாரத்தில் அடுத்ததற்குத் தாவினால் எதுவும் கேட்காது. கூடவே சன்ஸ்க்ரீன் கட்டாயம் (எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல்), இல்லாவிட்டால் பூசியதெல்லாம் வீண். சன்ஸ்க்ரீன் கண்ணில் எரிகிறது என்பவர்கள் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு கலந்த வகையைப் பயன்படுத்திப் பாருங்கள், எரிச்சல் குறைவு.

ரத்தக்குழாய் வகை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஆனால் இங்கே ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு அடிக்கடி தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு இருக்கிறதா? மூக்கு அடைத்திருந்தால் கண்ணுக்குக் கீழே உள்ள நாளங்களில் ரத்தம் தேங்கிக் கருமை கூடும், போதாததற்கு அரிக்கிறது என்று கண்ணைக் கசக்கிக் கசக்கி நிறமியையும் சேர்த்துக்கொள்வோம். அலர்ஜிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டாலே முகம் தெளிந்துவிடும் ஆட்கள் உண்டு. நிழலுக்கு மட்டும் எந்த க்ரீமும் கிடையாது. பள்ளத்தை நிரப்புகிற ஃபில்லர் ஊசி இருக்கிறது. அந்த இடத்தில் ஓடும் ரத்தக்குழாய்க்குள் மருந்து போய்விட்டால், அரிதாக என்றாலும், பார்வையே போகலாம். அதனால் அனுபவமுள்ள மருத்துவர் தவிர வேறு யாரிடமும் அதற்காகப் போய் உட்காராதீர்கள்.

கேள்வி: தினமும் மஸ்காரா போடுகிறேன். ராத்திரி கழுவும்போது இமைமுடி கையோடு வருகிறது. கண்ணைச் சுற்றி எரிச்சலும் இருக்கிறது.

பதில்: நீங்கள் தேய்த்து எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பஞ்சில் ரிமூவரை நனைத்து, மூடிய இமைமேல் வைத்து, மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். அதுவரை கை அசையவே கூடாது. மஸ்காரா தானாக இளகி பஞ்சில் கருப்பாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஒரே இழுப்பாக மெதுவாகக் கீழ்நோக்கி எடுத்தால் போதும். வாட்டர்ப்ரூஃப் வகை என்றால் எண்ணெய் கலந்த ரிமூவர்தான் சரிப்படும். மஸ்காராவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், பாதி மிச்சமிருந்தாலும் சரி, உள்ளே கிருமி சேர்ந்திருக்கும். எரிச்சல் அடங்கும் வரை கண்ணுக்கு எந்த மேக்கப்பும் வேண்டாம்.

கேள்வி: மேல் இமை சிவந்து, செதில் செதிலாக உரிகிறது. வீட்டில் இருந்த ஒரு ஆயின்ட்மென்ட் போட்டால் இரண்டே நாளில் சரியாகிவிடுகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. தொடர்ந்து போடலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். இரண்டே நாளில் குணமாவதும் நிறுத்தியதும் திரும்புவதுமாக இருந்தால், அது ஸ்டீராய்டு கலந்த மருந்தாக இருக்க வாய்ப்பு அதிகம். ட்யூபில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இமையில் அதை மாதக்கணக்கில் போட்டால் ஏற்கெனவே மெல்லிய தோல் இன்னும் மெலியும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம், கண்புரை வரலாம். கண் அழுத்தம் ஏறுவது வலியே இல்லாமல் நடக்கும் என்பதுதான் எனக்குப் பயம். நீண்ட நாளாகப் போட்டு வந்திருந்தால், கண் மருத்துவரிடம் ஒருமுறை அழுத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

காரணத்தைத் தேடுவோம். நகப்பாலிஷ், ஹேர் டை, வாசனைத் திரவியம், புது ஷாம்பூ, இதில் எதையாவது மாற்றினீர்களா? நகப்பாலிஷ் விரலில் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் செய்யாது, ஆனால் அதே விரல் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை இமையைத் தொடுகிறதே, அங்கே அலர்ஜியாகிவிடும். எல்லாவற்றையும் சில வாரம் நிறுத்திவிட்டு, வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியை மட்டும் மெல்லிசாகப் பூசுங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (எது அலர்ஜி என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ளலாம்.

கேள்வி: கண்ணுக்குக் கீழே வெள்ளையாகக் குட்டிக் குட்டிப் புள்ளிகள். பரு மாதிரி கிள்ளி எடுக்கலாமா?

பதில்: கூடாது. மிலியா என்று பெயர், தோலில் இருக்கும் கெரட்டின் என்ற புரதம் அடைத்து நிற்கிறது, பிதுக்கினால் வராது, வடுதான் மிஞ்சும். கனமான க்ரீமை நிறுத்திப் பாருங்கள், பல சமயம் தானே போகும். போகாவிட்டால் மருத்துவர் சின்ன ஊசியால் எடுத்துவிடுவார். புள்ளி வெள்ளையாக இல்லாமல் மஞ்சளாக, தட்டையாக, மூக்கை ஒட்டிய ஓரத்தில் இருந்தால் மட்டும் கொலஸ்ட்ரால் சோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே பை மாதிரி வீங்கியிருக்கிறது.

பதில்: மத்தியானத்துக்குள் வற்றிவிடுகிறதா? அப்படியென்றால் படுத்திருக்கும்போது தேங்கிய நீர். தலையணையைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள், ராத்திரிச் சாப்பாட்டில் உப்பைக் குறைக்கட்டும், எழுந்ததும் ஈரத்துணியைக் குளிரவைத்துப் பத்து நிமிடம் ஒற்றி எடுக்கட்டும். நாள் முழுக்க அப்படியே இருந்தால் வயதில் முன்னுக்குத் தள்ளிய கொழுப்பு, அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி, வேண்டாம் என்று விட்டுவிட்டாலும் ஆபத்து ஒன்றும் இல்லை.

ஆனால் காலும் வீங்குகிறதா, சிறுநீர் நுரைத்துப் போகிறதா என்று அப்பாவிடம் இன்றைக்கே கேளுங்கள். இருந்தால் சிறுநீரகச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு கண் மட்டும் திடீரென்று சிவந்து வீங்கி, காய்ச்சலோடு, கண்ணை அசைத்தாலே வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.