நடக்கிற வேகத்தில் ஒரு நாள் – கடிதம்

அன்புள்ள சார்,

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் நேரோபோட் என்கிற ஒடுக்கமான நீளப் படகில் கழித்த ஒரு கோடை நாளைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். நான் சில வருடங்களாகக் கோவென்ட்ரியில் இருக்கிறேன். கால்வாய்க் கரையில்தான் நடைப்பயிற்சி. ஆனால் ஒரு நாள்கூடப் படகில் ஏறியதில்லை. ஜூலையில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். அப்பா கும்பகோணத்தில் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களைப் படகில் கூட்டிப் போகலாமா என்று கேட்டேன். "நடக்கிற வேகத்தில் போவதற்கு யாராவது காசு கொடுப்பார்களா?" என்று என் கணவர் சிரிக்கிறார். நாள் முழுக்க அதில் என்னதான் செய்வது? இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கரி சுமந்து மாடாய் உழைத்தவர்கள் போன வழி அது. அதில் நாம் தேநீர்க் கோப்பையும் கையுமாகப் போவது உறுத்தலாக இல்லையா?

ஒரு வாசகி, கோவென்ட்ரி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவர் குறைத்துச் சொல்லவில்லை, கொஞ்சம் கூட்டியே சொல்லியிருக்கிறார். கால்வாயில் மணிக்கு 4 மைல்தான் உச்ச வேகம். பெரும்பாலும் 3 மைலைத் தாண்ட மாட்டீர்கள். கரையில் நாயோடு நடப்பவர் உங்களை முந்திக்கொண்டு போவார், போகும்போது நின்று இரண்டு வார்த்தையும் பேசுவார். எஞ்சினை முடுக்கினாலும் பலன் கிடையாது. தண்ணீர் ஆழமில்லை, படகின் பின்பக்கம் இன்னும் கீழே அமுங்கும், அலை கரையை அரிக்கும், கட்டிப்போட்டிருக்கும் படகுகள் ஆடும், உள்ளே இருப்பவர்கள் தலையை நீட்டிச் சத்தம் போடுவார்கள்.

நாள் முழுக்க என்ன செய்வது என்றால், வேலைதான். சும்மா சாய்ந்து கிடக்கலாம் என்று நினைத்து வருகிறவர்கள் மதியத்துக்குள் ஏமாந்துவிடுவார்கள்.

உங்கள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரத்தில் போகக்கூடிய நேப்டன் கிராமத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். குன்றின் மேல் காற்றாலை நிற்கும், அதுதான் அடையாளம். அங்கே கால்வாய் 9 லாக் ஏறி மேட்டுக்குப் போகிறது. லாக் என்றால் இரு முனையிலும் கதவு வைத்த செங்கல் தொட்டி. அகலம் 7 அடிதான். படகு 6 அடி 10 அங்குலம். நேரோபோட் இவ்வளவு ஒடுங்கி இருப்பதற்கு இந்தத் தொட்டிதான் காரணம்.

காலையில் முதல் தொட்டிக்குள் படகு நுழையும்போது வெயில் சட்டென்று மறையும். இரண்டு பக்கமும் பாசி பிடித்த சுவர், கதவு இடுக்குகளிலிருந்து நீர் பீச்சும், ஈரச் செங்கல் வாடை. பின்னால் கதவைச் சாத்திவிட்டு, மேலே நிற்பவர் விண்ட்லாஸ் என்கிற எல் வடிவ இரும்புக் கைப்பிடியைப் பல்சக்கரத் தண்டில் மாட்டிச் சுற்ற வேண்டும். கடக் கடக் என்று கொக்கி விழும். நீருக்கு அடியில் இருக்கும் பலகை மேலேறி, மேல்மட்டத்துத் தண்ணீர் உள்ளே கொட்டும். படகு முன்னும் பின்னும் இழுபடும், கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும். முதலில் உங்கள் தலை தெரியும், பிறகு தோள், பிறகு புல்வெளியும் ஆடுகளும் உங்கள் கண்மட்டத்துக்கு வந்துவிடும்.

கதவைத் திறக்க நீளமான ஒரு மரத்தண்டு இருக்கிறது. அதில் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டும். காலை ஊன்றித் தள்ள வசதியாகத் தரையில் வளைவாகச் செங்கல் வரிசை பதித்திருப்பார்கள். ஆனால் இரண்டு பக்கமும் நீர்மட்டம் சரிசமமாகும் வரை அந்தக் கதவு அசையாது. இரண்டு அங்குலம் குறைந்தாலும் அசையாது. பத்துப் பேர் சேர்ந்து மூச்சுப் பிடித்தாலும் அசையாது. சமமான பிறகு நீங்கள் ஒருவரே சாய்ந்தால் போதும், மெல்ல நகரும். அதுவரை தண்டின் மேல் உட்கார்ந்து எதிரே இறங்கக் காத்திருக்கும் படகுக்காரரோடு பேசிக்கொண்டிருக்கலாம். எங்கிருந்து வருகிறீர்கள், மேலே எத்தனை படகு நிற்கிறது, தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறதா. கால்வாய்ப் பேச்செல்லாம் இவ்வளவுதான்.

எனக்கு அந்த நாளில் பிடித்தது இதுதான். கைக்கு ஓயாமல் வேலை இருக்கிறது, அந்த வேலையை அவசரப்படுத்த ஒரு வழியும் இல்லை. கடற்கரை விடுதியில் படுத்திருக்கும்போது மனசு பாட்டுக்கு அலுவலகத்துக்குப் போய்விடும். லாக்கில் போகாது. லாக்கே இல்லாத நீளமான பகுதியாகப் பார்த்து எடுங்கள், சிரமம் இருக்காது என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒன்பது லாக் ஏறியபின் வரும் சமதளம்தான் ருசிக்கும்.

அந்தச் சமதளம் நேப்டனுக்கு மேலே மார்ஸ்டன் டோல்ஸில் தொடங்குகிறது. க்ளேடன் வரை 11 மைல், ஒரு லாக்கும் கிடையாது. நேர்கோட்டில் அளந்தால் அதில் பாதிகூட வராது. அவ்வளவு வளைவு. ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற ஆலைத் தச்சர் போட்டுக்கொடுத்த வழி அது. அதிகம் எழுதப் படிக்கத் தெரியாதவர், சிக்கலான கணக்கு என்றால் படுக்கையில் போய்ப் படுத்துக்கொண்டு யோசிப்பாராம். 1761-ல் அவர் வேலை பார்த்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறந்து மான்செஸ்டரில் கரி விலை பாதியாக இறங்கியதும் நாடே கால்வாய் வெட்ட ஓடியது. மலையைக் குடையாமல், பள்ளத்தை மேடாக்காமல், ஒரே உயரத்தைப் பிடித்துக்கொண்டு சரிவை ஒட்டியே போய்விடுவது அவர் வழக்கம். செலவு மிச்சம், லாக் மிச்சம், தண்ணீரும் மிச்சம். ஒரு தடவை லாக்கைத் திறந்தால் ஒரு லட்சம் லிட்டருக்குக் குறையாமல் கீழே போய்விடும். மேட்டுப் பகுதிக்கு அத்தனையையும் ஏரிகளில் தேக்கி வைத்துத்தான் கொடுக்க வேண்டும். 1772-ல் பிரிண்ட்லி இறந்த பிறகும் மற்றவர்கள் அதே பாணியில் வெட்டினார்கள். கால்வாய் ஆக்ஸ்ஃபோர்டைத் தொட 1790 ஆகிவிட்டது.

பயணத்தில் இதன் பலன் என்னவென்றால், வார்ம்லைட்டன் கிராமத்தை மூன்று பக்கமும் சுற்றுவீர்கள். ஒரே வீடு ஒரு மணி நேரத்துக்கு முன் வலது பக்கம் தெரிந்தது, இப்போது வேறு பக்கம் தெரிகிறதே என்று உங்கள் அம்மா கட்டாயம் கேட்பார். (இளவரசி டயானாவின் ஸ்பென்சர் குடும்பம் இந்தப் பக்கம் ஆடு வளர்த்துத்தான் பெரும் பணக்காரர்களானது. ஆடுகள் இன்னும் இருக்கின்றன.) ஃபென்னி காம்ப்டனைத் தாண்டினால் சுரங்கம் என்று ஒரு இடம். கூரையைத் தேடாதீர்கள், அதை 19-ஆம் நூற்றாண்டிலேயே வெட்டித் திறந்துவிட்டார்கள். இப்போது இரண்டு பக்கமும் செடி மண்டிய குறுகலான ஓடை. எதிரே படகு வந்தால் வியர்க்கும்.

சரி, உறுத்தலைப் பற்றி.

கேட்டது நல்ல கேள்வி. அந்தக் காலத்து 70 அடிச் சரக்குப் படகில் மற்ற இடமெல்லாம் சரக்குக்கு. படகுக்காரர் குடும்பத்துக்கு என்று பின்னால் 10 அடிக்கு 7 அடியில் ஓர் அறை. அடுப்பு, மடக்குக் கட்டில், குழந்தைகள் எல்லாம் அதற்குள். தொடக்கத்தில் படகுக்காரர்களில் பலருக்குக் கரையில் வீடு இருந்தது. ரயில் வந்து சரக்குக் கட்டணத்தை இறக்கிய பிறகுதான் பலரும் வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவி மக்களையே கூலியில்லாத ஆட்களாகப் படகில் ஏற்றினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. இதையெல்லாம் ஒழுங்குபடுத்த 1877-ல் தனியாக ஒரு சட்டமே வந்தது. கூலி போன நடைக்குத்தான், மணிக்கணக்குக்கு இல்லை. அதனால் லாக்கில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்கு நஷ்டம். ஓர் ஆள் முன்னாலேயே ஓடி, பிற்காலத்தில் சைக்கிளில் போய், அடுத்த லாக்கைத் தயார் செய்து வைப்பார். பொழுது சாய்ந்தும் ஓட்டுவார்கள். அந்தக் கதவு அசையாமல் நிற்கும்போது எனக்கு வருகிற நிம்மதி அவர்களில் யாருக்கும் வந்திருக்காது, எரிச்சல்தான் வந்திருக்கும்.

பழைய பாலங்களின் அடியில் போகும்போது வளைவின் ஓரத்தில் பதித்திருக்கும் இரும்பைப் பாருங்கள். குதிரை இழுத்த கயிறு, மண் ஒட்டி ஈரமான கயிறு, வருடக்கணக்காக உரசி உரசி இரும்பிலேயே பள்ளம் போட்டிருக்கும். விரலை வைத்தால் உள்ளே பதியும். படகைக் கட்டிவிட்டு இறங்கிப் போய்த் தொட்டுப் பார்க்கலாம். உங்கள் அப்பாவுக்கு அதைக் காட்டுங்கள்.

இதெல்லாம் ரொம்பப் பழைய கதையும் இல்லை. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் மாதக்கணக்கில் உறைந்து கிடந்தன. அதோடு சரக்குப் படகுத் தொழில் பெரும்பாலும் முடிந்துவிட்டது. அப்புறமும் சில ஜோடிப் படகுகள் ஆதர்ஸ்டனில் கரி ஏற்றி, உங்கள் ஊருக்கு வடக்கே ஹாக்ஸ்பரி சந்திப்பில் திரும்பி, பிரான்ஸ்டன் வழியாக லண்டன் சவுத்ஹாலில் இருந்த ஜாம் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. அந்த ஒப்பந்தம் நின்றது 1970 அக்டோபரில். நம் ஆட்கள் சாமான் வாங்கப் போகிற அதே சவுத்ஹால்தான்.

ஆனால் தேநீர்க் கோப்பைக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தொழில் படுத்ததும் கால்வாய்களைத் தூர்க்க வேண்டும் என்ற பேச்சு பலமாக இருந்தது. பல இடங்களில் தூர்த்தும்விட்டார்கள். 1946-ல் டாம் ரோல்ட், ராபர்ட் ஐக்மன் போன்றவர்கள் சங்கம் அமைத்துச் சண்டை போட்டார்கள். தன்னார்வலர்கள் விடுமுறையில் வந்து சேற்றை வாரினார்கள். 1968 சட்டம்தான் பல கால்வாய்களை உல்லாசப் பயணத்துக்கு என்று ஒதுக்கிக் காப்பாற்றியது. நாம் கட்டும் வாடகையிலிருந்தும் உரிமக் கட்டணத்திலிருந்தும் ஒரு பங்கு அந்தக் கதவுகளை மாற்றப் போகிறது. உறுத்தல் இருக்கட்டும், நல்லதுதான். அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம்.

அப்பா விஷயம். சுக்கானை அவரிடம் கொடுங்கள், ஆனால் முதல் அரைமணி நேரம் யாரும் சிரிக்கக் கூடாது. ஸ்டியரிங் கிடையாது, சுக்கான் கட்டைதான். இடது பக்கம் போக அதை வலது பக்கம் தள்ள வேண்டும். வண்டியின் கடைசியில் நின்று ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், முன்பக்கம் ஐம்பது அறுபது அடி தள்ளி இருக்கும். பிரேக் இல்லை, ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும் விட, எதிரே படகு வந்தால் வலது பக்கம் ஒதுங்க வேண்டும். கும்பகோணத்திலும் இடது, கோவென்ட்ரியிலும் இடது. பாவம், ஆயுள் முழுக்க ஊறியதைத் தண்ணீரில் மாற்றச் சொல்கிறோம். ஆனால் பெரிய வண்டியின் வால் எங்கே வீசும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நம்மைப் போன்றவர்கள் திணறுவது அங்கேதான்.

ஓட்டுநர் உரிமம், அனுபவம் எதுவும் கேட்க மாட்டார்கள், புறப்படும் முன் சொல்லிக்கொடுப்பார்கள். சொல்வதில் இரண்டை மட்டும் மறக்காதீர்கள். படகு சுவரில் மோதப் போகிறதே என்று காலையோ கையையோ நீட்டித் தடுக்கக் கூடாது. பதினைந்து டன் இரும்பு அது, மோதினால் மோதட்டும். லாக்கில் இறங்கும்போது படகின் பின்பக்கம் மேல்கதவை ஒட்டி இருக்கக் கூடாது. கதவுக்குக் கீழே ஒரு திட்டு நீட்டிக்கொண்டிருக்கும், நீர் இறங்க இறங்கச் சுக்கான் அதில் மாட்டினால் படகே கவிழும். சுவரில் வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள், அதற்கு முன்னால் இருந்துகொள்ளுங்கள்.

ஒரு நாள் வாடகைப் படகும் கிடைக்கிறது. ஆனால் நீளப் படகை நினைத்த இடத்தில் திருப்ப முடியாது, கால்வாயை அகலப்படுத்தி வைத்திருக்கும் இடத்தில் மட்டும்தான் திருப்பலாம். அது எங்கே என்று முதலில் கேட்டுக்கொண்டு அதற்குத் தகுந்தாற்போல் நாளைப் போடுங்கள். நான் சொன்ன நேப்டன் வழிக்கு மூன்று நான்கு நாள் படகுதான் சரி. வறண்ட கோடையில் மேட்டுப் பகுதியில் தண்ணீர் குறைந்தால் லாக்குகளுக்கு நேரக் கட்டுப்பாடு போடுவார்கள், சில சமயம் மூடியும்விடுவார்கள். கிளம்பும் வாரத்தில் அறிவிப்பைப் பாருங்கள்.

அம்மாவிடம் புளிசாதத்துக்கு மட்டும் சொல்லி வையுங்கள். படகில் கேஸ் அடுப்பு இருக்கிறது, ஆனால் ஒன்பது லாக் ஏறி முடித்தபின் சமைக்க யாருக்கும் தெம்பு இருக்காது. விண்ட்லாஸ் இரண்டாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றை யாராவது தண்ணீரில் போட்டுவிடுவார்கள்.

அன்புடன்.