சிம்மை மாற்ற வேண்டாம், ப்ளஸ் குறியைப் பாருங்கள்

தம்பி, சிங்கப்பூர் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, தினமும் ஏழெட்டு மோசடி அழைப்பு வருகிறது, சிம்மை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றாதீர்கள். ஒருவர் விட்ட நம்பர்தான் கொஞ்ச நாள் கழித்து அடுத்தவருக்குப் போகும். நான் வந்த புதிதில் லிட்டில் இந்தியாவில், தேக்காவில் வாங்கிய சிம் அதற்கு முன் யாரோ ஒரு கடனாளியிடம் இருந்தது போல. ஆ லோங், அதாவது சட்டவிரோதமாக வட்டிக்கு விடுகிற ஆட்கள், அவரைத் திட்டி அனுப்பிய மெசேஜெல்லாம் ஒரு வருடம் எனக்கு வந்தது.

போன் அடித்ததும் திரையைப் பாருங்கள். 2020 ஏப்ரலிலிருந்து, வெளிநாட்டிலிருந்து வருகிற அழைப்புக்கு முன்னால் ப்ளஸ் குறி இருக்கும். உள்ளூர் அழைப்பென்றால் வெறும் எட்டு இலக்கம்தான். அதனால் +65 என்று ஆரம்பித்தால், சிங்கப்பூர் நம்பர் மாதிரி வேடம் போட்டு வெளியிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் ஜொகூர் போன நண்பர் ரோமிங்கில் கூப்பிட்டாலும் ப்ளஸ் வரலாம்தான், ஆனால் அவர் பெயர் உங்கள் போனில் இருக்குமே.

இன்னும் நிம்மதி வேண்டுமென்றால், வெளிநாட்டு அழைப்புகளை மொத்தமாக அடைக்கச் சொல்லி உங்கள் தொலைபேசி நிறுவனத்திடமே கேட்கலாம். அம்மா எப்படிக் கூப்பிடுவார் என்ற கவலை வரும். வாட்ஸ்அப் அழைப்பை அது தடுக்காது. என் அப்பாவிடம் பட்டன் போன்தான். மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்தவரிடம், ஞாயிறு காலை எட்டு மணிக்கு நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது ஏழரைக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

அப்புறம் மோசடி அழைப்பைத் தடுக்கிற ஸ்கேம்ஷீல்டு செயலி. இது அரசாங்கத்துடையது. போட்டுவிட்டால் மட்டும் போதாது, போன் செட்டிங்ஸுக்குள் போய் அதற்கு அனுமதியும் கொடுக்க வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். சந்தேகமான லிங்க், நம்பர் எதையும் அதில் போட்டுப் பார்க்கலாம். 1799க்குக் கூப்பிட்டும் கேட்கலாம். எஸ்எம்எஸ்ஸில் அனுப்புநர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'லைக்லி ஸ்காம்' என்று இருந்தால் திறக்காமலே அழியுங்கள். வாட்ஸ்அப்பில் தெரியாதவர் அழைப்பு அடிக்காமல் இருக்கவும், கண்டவர்கள் உங்களைக் குழுவில் சேர்க்காமல் இருக்கவும் பிரைவசியில் வசதி இருக்கிறது.

ப்ளஸ் இல்லாமலும் மோசடி வரும். உங்களைப் போலப் புதிதாக வந்தவர்களைப் பிடிக்க, மனிதவள அமைச்சிலிருந்து பேசுகிறோம், உங்கள் பாஸில் (இங்கே வேலை செய்வதற்கான அனுமதியில்) சிக்கல், ஒன்றாம் எண்ணை அழுத்துங்கள் என்பார்கள். பாஸ் என்றதும் நமக்குக் கை நடுங்கும், அது அவர்களுக்கும் தெரியும். எந்த அமைச்சும் போனில் பணம் அனுப்பச் சொல்லாது, வங்கிக் கடவுச்சொல் கேட்காது. வைத்துவிடுங்கள், மரியாதை பார்க்க வேண்டாம்.

மோசடிக்காரர்களுக்கு உள்ளூர் நம்பர் எங்கிருந்து கிடைக்கிறது? நம்மாட்களிடமிருந்தும்தான். "உங்கள் பெயரில் ஒரு சிம் எடுத்துக் கொடுங்கள், ஐம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருகிறேன்" என்று விடுதிப் பக்கம், சாப்பாட்டுக் கடைப் பக்கம் யாராவது கேட்பார்கள். 2025 ஜனவரியிலிருந்து அப்படிக் கொடுப்பதே தனிக் குற்றம். அபராதம் 10,000 வெள்ளி வரை, சிறை 3 வருடம் வரை போகலாம். பாஸும் போகலாம்.

ஒன்று விட்டுவிட்டேன். அறை தேடி எங்கேயாவது நம்பரோடு விளம்பரம் போட்டிருந்தால், இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள்.