சமாதான மேசையில் முஸ்லிம் தரப்பு: கேள்வி பதில்

(கேட்பவர்களைக் கொழும்பிலும் சுற்றிலும் அவர்கள் இருக்கும் இடத்தின் பெயரால் குறித்திருக்கிறேன்.)

மருதானை: அஸ்ஸலாமு அலைக்கும் நானா. இலங்கை அரசும் புலிகளும் செய்த 2002 போர்நிறுத்த உடன்படிக்கையில் முஸ்லிம்களைப் பற்றி ஒன்றுமே இல்லையா?

வஅலைக்குமுஸ்ஸலாம். முகவுரையில் இருக்கிறது. மோதலில் நேரடியாகச் சம்பந்தப்படாதவர்களும், குறிப்பாக முஸ்லிம்கள், பாதிக்கப்படுகிறார்கள்; ஆகவே பொதுமக்கள் பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லோருக்கும் பொருந்தும் என்கிறது. அந்தச் சொல்லோடு நாம் பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் ஆனோம், பேச வேண்டியவர்கள் ஆகவில்லை. 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து மொத்தமாக வெளியேற்றப்பட்ட சமூகத்துக்கு "நேரடியாகச் சம்பந்தப்படாதவர்கள்" என்று பெயர்! எந்த ஒப்பந்தமானாலும் முகவுரையையும் கையொப்பப் பக்கத்தையும் முதலில் வாசியுங்கள்.

வெள்ளவத்தை: முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் பேச்சுவார்த்தையில் அரச குழுவில் இருந்தாரே ஐயா. அது பிரதிநிதித்துவம் இல்லையா?

2002 செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப்பில் அவர் சக அமைச்சர்கள் பீரிஸோடும் மொரகொடவோடும் அரசின் பக்கத்தில் அமர்ந்தார். அமைச்சர் என்பவர் அமைச்சரவையின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். கிழக்கின் காணியிலோ அதிகாரப் பகிர்விலோ அரசும் முஸ்லிம்களும் வேறுபட்டால் அவர் யார் பக்கம் பேசுவார்? பேச்சில் முஸ்லிம்கள் தனித்தரப்பு என்றால் சொந்த நிகழ்ச்சி நிரல், சொந்த ஆலோசகர்கள், சொந்தக் கையொப்பம். கையொப்பம் இல்லாவிட்டால் முதல் இரண்டும் வெறும் கடுதாசி.

தெஹிவளை: அப்படியானால் பதவியைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும்!

எறிவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 2001 டிசம்பரில் ஐக்கிய தேசிய முன்னணிக்கு 109 ஆசனம், மரச் சின்னத்துக்கு, அதாவது முஸ்லிம் காங்கிரசுக்கு, 5. பெரும்பான்மைக்கு வேண்டியது 113. அந்த ஐந்தின் விலை ஆட்சி அமைக்கும் வாரத்தில்தான் உச்சம். தனித்தரப்பை அன்றே எழுத்தில் நிபந்தனையாக வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தெஹிவளை (மீண்டும்): கிளிநொச்சியில் பிரபாகரனோடு உடன்பட்டாரே, அது போதாதா?

2002 ஏப்ரல் 13 சந்திப்பைக் கேட்கிறீர்கள். வடக்கு முஸ்லிம்கள் திரும்புவது, கிழக்கில் கப்பத்தை நிறுத்துவது, வயல்களுக்குப் போக விடுவது என்று நல்ல விடயங்களே பேசப்பட்டன. மீறினால் யாரிடம் முறையிடுவது, எத்தனை நாளில் பதில் என்பதற்குத்தான் பொறிமுறை இல்லை. ஜூனில் மூதூரிலும் வாழைச்சேனையிலும் வன்முறை வெடித்தது.

கொலன்னாவ: சுனாமி நிவாரணத்துக்கு அரசும் புலிகளும் உடன்பட்ட பொதுக்கட்டமைப்பில் இடம் கிடைத்ததுதானே?

பிராந்தியக் குழுவில் பத்துப் பேர்: புலிகள் 5, முஸ்லிம்கள் 3, அரசு 2. ஆனால் 2005 ஜூன் 24 கையொப்பம் இரண்டுதான்: அரசும் புலிகளும். முஸ்லிம் கையொப்பம் இல்லை. ஜூலையில் உயர் நீதிமன்றம் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது.

தெமட்டகொட: ஹக்கீம்தான் அரச குழுவில் இருந்தாரே?

வெள்ளவத்தைக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

பம்பலப்பிட்டி: பிலிப்பைன்ஸின் மின்டனாவோவில் இஸ்லாமிய நாடுகளின் அமைப்பு செய்த மத்தியஸ்தத்தை இங்கே செய்ய முடியாதா?

அங்கே முஸ்லிம்களின் மோரோ தேசிய விடுதலை முன்னணியே ஆயுதம் ஏந்திய தரப்பு. அதனால் 1976 திரிபோலியில் அரசுக்கு எதிரே நேரடியாக அமர்ந்தது. நமது நிலை வேறு.

கிராண்ட்பாஸ்: மார்க்க அறிஞர்களின் சபையான ஜம்இய்யத்துல் உலமா பேசப் போகலாமா?

மார்க்கத் தீர்ப்பு அவர்களது துறை. காணி எல்லை பேச மக்கள் ஆணை வேண்டும்.

மட்டக்குளி: ஹக்கீம் அரச குழுவில்...

மூன்றாவது தடவை. மேலே இருக்கிறது.

புத்தளத்திலிருந்து வந்து மாளிகாவத்தையில் இருப்பவர்: யாழ்ப்பாணக் காணிக்காக இப்போது என்ன செய்து வைக்கலாம்?

இதற்குத்தான் காத்திருந்தேன். கையில் இருப்பது காணி உறுதியா (சொந்தப் பத்திரம்), அரச அனுமதிப்பத்திரமா என்று பிரித்து வையுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதி எடுங்கள். கிராம சேவகர் பிரிவு, நான்கு எல்லை, 1990-இல் அங்கே இருந்த கட்டடம், இப்போது யார் இருக்கிறார்கள் என்பதை ஒரே தாளில் எழுதி, பிரதிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள். எல்லை தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் சத்தியக்கடதாசி வாங்குங்கள். அதைத் தள்ளிப் போடாதீர்கள்.