ஒன்றுமே திறக்கவில்லை, 58 விழுக்காடு எங்கே போனது?

கணினி கேள்வி பதில்

புதுக் கணினி வாங்கியவர்களின் கேள்விகளே இம்முறை அதிகம். எல்லாமே விண்டோஸ் 11 பற்றியவை.

கேள்வி: மகன் எஸ்.பி.எம். தேர்வு எழுதப் போகிறான் என்று லோயாட் பிளாசாவில் 8 ஜிபி மடிக்கணினி வாங்கினோம். எந்தச் செயலியையும் திறக்காமலேயே நினைவகம் (ரேம்) 58 விழுக்காடு பயன்பாட்டில் என்று காட்டுகிறது. கடைக்காரர் "நார்மல்தான்" என்கிறார். நம்பலாமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா?
வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: கடைக்காரர் சொன்னது சரி. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

விழுக்காட்டை மட்டும் பார்த்தால் விஷயம் விளங்காது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். இடப்பக்கம் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. கீழே உள்ள எண்களில் நான்கைப் பாருங்கள். உங்களுடையது போன்ற கணினியில் அவை ஏறக்குறைய இப்படி இருக்கும்: இன் யூஸ் 4.5 ஜிபி, அவைலபிள் 3.2 ஜிபி, கேஷ்ட் 2.9 ஜிபி, கமிட்டட் 6.1/11.5 ஜிபி.

இன் யூஸ் என்பது இப்போது உண்மையாகவே பிடித்து வைத்திருப்பது. அதையும் அவைலபிளையும் கூட்டினால் 7.7தான் வருகிறதே, மீதி எங்கே என்று கேட்பீர்கள். அது ஹார்ட்வேர் ரிசர்வ்ட் என்ற வரியில் இருக்கும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில், திரைக்கு வேண்டிய நினைவகத்தில் ஒரு பங்கு தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டுவிடும். கடைக்காரர் குறைத்துக் கொடுத்துவிட்டாரோ என்ற சந்தேகம் வேண்டாம்.

கேஷ்ட் என்பதுதான் பலரைப் பயமுறுத்துகிறது. நீங்கள் அடிக்கடி திறக்கும் செயலிகளின் பகுதிகளை, சிஸ்மெயின் என்ற சேவை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றி வைக்கிறது. வேறு செயலிக்கு இடம் தேவைப்பட்டால் அந்த இடம் உடனே கைமாறும். அதனால்தான் கேஷ்டின் பெரும்பகுதி அவைலபிள் கணக்கிலும் சேர்ந்தே வருகிறது. சும்மா கிடக்கும் நினைவகம், வாடகை கட்டிவிட்டுப் பூட்டிப்போட்ட கடை மாதிரிதான்.

இந்த நான்கில் உங்களுக்கு உண்மையாகப் பயன்படுவது கமிட்டட். செயலிகள் "எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று கேட்டு, விண்டோஸ் ஒப்புக்கொண்ட மொத்தம் அது. சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது அதன் உச்சவரம்பு: நினைவகமும், அது போதாதபோது கைகொடுக்க சி டிரைவில் உள்ள பேஜ்ஃபைல் என்ற கோப்பும் சேர்ந்தது. முதல் எண் இரண்டாவதை நெருங்கினால்தான் உலாவித் தாவல்கள் தாமாக விழும், செயலிகள் சொல்லாமல் மூடிக்கொள்ளும். பேஜ்ஃபைலை அணைத்துவிட்டால் கணினி வேகமாகும் என்று யூடியூபில் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். உச்சவரம்பு சட்டென்று இறங்கிவிடும். அவைலபிளில் இன்னும் இடம் இருக்கும்போதே செயலிகள் விழத் தொடங்கும்.

இன்னொன்று, பெட்டியைப் பிரித்த முதல் சில நாள்களில் எடுக்கும் எந்த அளவையும் நம்பாதீர்கள். விண்டோஸ் அப்டேட் ஒரு பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும், விண்டோஸின் வைரஸ் எதிர்ப்பான ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள் வட்டு முழுவதையும் சோதிக்கும், தேடல் அட்டவணை தயாராகும், ஒன்டிரைவ் கோப்புகளை மேலே ஏற்றும். தேடல் அட்டவணை நீங்கள் தட்டச்சு செய்யும்போது ஒதுங்கிக்கொள்ளும் இயல்புடையது. நீங்கள் இடைவிடாமல் பயன்படுத்தினால் அந்த வேலை இழுத்துக்கொண்டே போகும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, இனி எதுவும் இல்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்பச் சோதித்து, கேட்கும்போதெல்லாம் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு சார்ஜரைச் செருகி, ஸ்லீப் ஆகாதபடி வைத்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் பாருங்கள்.

கேள்வி: டாஸ்க் மேனேஜரில் சர்வீஸ் ஹோஸ்ட் என்ற பெயரில் எண்பதுக்கும் மேல் வரிசையாக நிற்கின்றன. வைரஸா?
வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: பெரும்பாலும் இல்லை. முன்பு விண்டோஸின் பின்னணியில் ஓடும் பல சேவைகள் ஒரே சர்வீஸ் ஹோஸ்ட்டுக்குள் கூட்டுக்குடித்தனம் நடத்தின. ஒன்று விழுந்தால் மற்றவையும் விழும். எது நினைவகத்தைத் தின்கிறது என்றும் தெரியாது. 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் நினைவகம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. இதனால் நினைவகம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகிறது. ஆனால் பெயருக்கு இடப்பக்கமுள்ள அம்புக்குறியைச் சொடுக்கினால் உள்ளே எந்தச் சேவை என்று தெரிந்துவிடும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் அதன்மேல் வலது சொடுக்கில் ஓப்பன் ஃபைல் லொக்கேஷன். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் சிஸ்டம்32 திறந்தால் கவலையில்லை. டவுன்லோட்ஸ், டெம்ப், ஆப்டேட்டா போன்ற இடம் திறந்தால் உடனே முழு ஸ்கேன் செய்யுங்கள். பெயரில் ஓரெழுத்து இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய தந்திரம், இன்னும் எடுபடுகிறது. எதையும் என்ட் டாஸ்க் கொடுத்துப் "பரிசோதிக்க" வேண்டாம். ஒலி நிற்கும், வைஃபை அறும், சிலவற்றை மூடினால் நீலத்திரையே வரும்.

கேள்வி: கணினியைத் திறந்ததும் என்னென்னவோ தாமாகவே ஓடுகின்றன. எவற்றை நிறுத்தலாம்?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கம். அங்கே டிசேபிள் கொடுத்தால் செயலி அழிந்துவிடாது. தானாகத் தொடங்குவதுதான் நிற்கும். எனவே அங்கே துணிந்து கை வைக்கலாம். டீம்ஸ், ஸ்பாட்டிஃபை, விளையாட்டு லாஞ்சர்கள், கணினி நிறுவனத்தின் விளம்பரச் செயலிகள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஒன்டிரைவில் பிள்ளைகளின் பாடக்கோப்புகள் இருந்தால் விட்டுவிடுங்கள்.

தொடக்கூடாதவை சில: செக்யூரிட்டி, டச்பேட், ஒலி தொடர்பானவை. முரசு அஞ்சல் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் அந்தப் பட்டியலில் இருந்தால் அதுவும் இருக்கட்டும். விண்டோஸின் தமிழ் 99 விசைப்பலகையைப் பயன்படுத்துபவர்கள், சிடிஎஃப் லோடர் என்று ஓடுவதை மூடிவிட்டு "தமிழ் வரவில்லை" என்று தவிப்பதுண்டு. விசைப்பலகை மாற்றத்துக்கே அதுதான் ஆள்.

இந்தப் பட்டியலில் மட்டும் கட்டுப்படுத்த முடியாதவை உலாவிகள். எட்ஜில் செட்டிங்ஸ், சிஸ்டம் அண்ட் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஸ்டார்ட்அப் பூஸ்ட்டை அணையுங்கள்; மூடிய பிறகும் பின்னணியில் ஓட அனுமதிக்கும் அடுத்த வரியையும் அணையுங்கள். குரோமிலும் சிஸ்டம் பக்கத்தில் இப்படி ஒரு வரி உண்டு. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி சேவரை மட்டும் இயக்கி வையுங்கள். குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால், எந்தத் தாவல் எத்தனை எம்பி என்று தனிப் பட்டியலே வரும். குற்றவாளி அநேகமாக அங்கேதான் அகப்படும்.

கணினியோடு வந்த சோதனைக்கால வைரஸ் எதிர்ப்பு மென்பொருளைக் காசு கட்டித் தொடரும் எண்ணம் இல்லையென்றால் இன்றே நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் டிஃபெண்டர் ஒதுங்கியே இருக்கும். நீக்கி ரீஸ்டார்ட் செய்ததும் அது தானே பொறுப்பேற்கும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: தினமும் இரவு ஷட்டவுன் செய்கிறேன். ஆனால் டாஸ்க் மேனேஜரில் அப் டைம் (ரீஸ்டார்ட் இல்லாமல் ஓடிய நேரம்) 11 நாள் என்கிறதே?
வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் வேலை. ஷட்டவுன் செய்யும்போது உங்கள் செயலிகள் மூடப்படுகின்றன. விண்டோஸின் கருவும், வன்பொருள்களை இயக்கும் டிரைவர்களும் மட்டும் வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எடுக்கப்படுகின்றன. டிரைவரில் கோளாறு இருந்தால் அதுவும் கூடவே எழும். வாரத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள், அல்லது ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் செய்யுங்கள்.

கேள்வி: மூன்று நான்கு மணி நேரம் ஓடினால் கணினி மந்தமாகிறது. ரேம் கிளீனர் போடலாமா, இன்னொரு 8 ஜிபி போடலாமா?
வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: கிளீனர் வேண்டவே வேண்டாம். செயலிகளின் பிடியிலிருந்து நினைவகத்தின் துண்டுகளான பக்கங்களை வலுக்கட்டாயமாகப் பிடுங்கி, எண்ணைக் குறைத்துக் காட்டுவதுதான் அதன் வித்தை. அடுத்த நிமிடம் அதே செயலி அதே பக்கங்களைத் திரும்பக் கேட்கும். சில வட்டிலிருந்தே வரவேண்டியிருக்கும். முன்பைவிட மெதுவாகும்.

நேரம் ஆக ஆக மந்தமாவது வேறு நோய். காலையில் ஒருமுறை, மந்தமானதும் ஒருமுறை, பிராசஸஸ் பக்கத்தை மெமரி வரிசையில் அடுக்கிப் படம் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரே செயலி ஏறிக்கொண்டே போனால் அதில் கசிவு, அதாவது எடுத்த நினைவகத்தை அது திருப்பித் தருவதில்லை. புதுப்பியுங்கள் அல்லது மாற்றுங்கள். எந்தச் செயலியும் ஏறவில்லை, ஆனாலும் இன் யூஸ் ஏறுகிறதா? மெமரி பக்கத்தில் நான்-பேஜ்டு பூல் எண்ணைப் பாருங்கள்; விண்டோஸின் கருவும் டிரைவர்களும் வட்டுக்கு மாற்றாமல் பிடித்து வைத்திருக்கும் நினைவகம் அது. சில நூறு எம்பி இருந்தால் சரி. 2 ஜிபி, 3 ஜிபி என்று நின்றால் ஏதோ ஒரு டிரைவரின் மீது சந்தேகம் விழும். வைஃபை டிரைவரில் தொடங்கி, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதியதைப் போடுங்கள்.

இவை எதுவும் இல்லை, வழக்கமான வேலையிலேயே கமிட்டட் எண் நினைவகத்தின் அளவைத் தாண்டி நிற்கிறது, அவைலபிளும் 500 எம்பிக்குக் கீழே கிடக்கிறது என்றால் மட்டும் நினைவகம் வாங்குங்கள். மெமரி பக்கத்தில் ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2 என்றால் இடம் இருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு உறுதிசெய்யுங்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அங்கே கூட்ட வழியே இல்லை. நினைவக வகையும் முக்கியம்: டிடிஆர்4 இடத்தில் டிடிஆர்5 பொருந்தாது. ஏற்கெனவே இருப்பதன் அதே அளவில், அதே வேகத்தில் இன்னொன்று போட்டால் இரண்டும் இணையாக வேலை செய்யும். தனி கிராஃபிக்ஸ் இல்லாத கணினியில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அடிமூடியைக் கழற்றினால் உத்தரவாதம் போகுமா என்பதை மட்டும் கடையில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு திருகாணியைத் தொடுங்கள்.